அல்வா வாங்கினால் போன் வருகிறது

பாலக்கரை,
திருச்சி.
ஆகஸ்ட் 9

அன்புள்ள மகன் பிரவீன்ராஜுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. சேசு புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகம். நீ குர்கானில் எப்படி இருக்கிறாய் என்று எங்களுக்குச் சேதி அனுப்ப எந்த பேங்கும் இல்லை, ஆகையால் நீதான் எழுத வேண்டும். இந்தக் கவருக்குள் நீ எனக்குக் கொடுத்த கிரெடிட் கார்டு இரண்டு துண்டாக இருக்கும், பதறாதே, யாரும் திருடவில்லை, மீன் வெட்டும் கத்திரியை வைத்து நான்தான் வெட்டினேன். இதை வாட்ஸ்அப்பில் போட்டிருந்தால் பாதி படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருப்பாய், அதனால்தான் தபால்.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது உன் கணக்கிலேயே எனக்கும் ஒரு கார்டு வாங்கித் தந்து, "எல்லாத்துக்கும் இதையே தேய்ம்மா, அஞ்சு சதவீதம் திரும்பி வரும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். அந்த அஞ்சு சதவீதம் ஒழுங்காக உன் கணக்குக்குப் போயிற்று, எனக்கு வந்ததெல்லாம் உன் திட்டுதான். நான் கார்டைத் தட்டினால் கடை பெயரோடு உன் போனுக்குச் சேதி வருமாமே, அதை நீ சொல்லவே இல்லை. மிக்சர் வாங்கினால் அஞ்சு நிமிஷத்தில் போன், உப்பு ஆகாது என்று. மத்தியான ஷோ சினிமாவுக்குப் போனால் அப்பாவுக்குச் சோறு யார் போட்டார்கள் என்று கேள்வி. முப்பது வருஷம் ஊரார் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தியவள் நான், கடைசியில் என் நோட்டை நீ திருத்துகிறாய்.

உன் அப்பாவுக்கு மட்டும் அந்தக் கார்டு மேல் அப்படி ஒரு காதல், கல்யாணமான புதிதில் என்னைக்கூட அப்படிப் பார்த்ததில்லை. திருவெறும்பூர் பேக்டரியில் இத்தனை வருஷம் வேலை பார்த்த மனுஷன், இரண்டாயிரத்துக்கு வாங்கினால் இருநூறு திரும்ப வரும் என்று கேட்டு, ஆயிரத்து அறுநூறுக்குச் சாமான் வாங்கிவிட்டு மீதிக்குக் கழிப்பறை பிரஷ் நாலு வாங்கி வந்தார். நம் வீட்டில் கழிப்பறை ஒன்றுதான். கோவிலில் உண்டியலுக்குப் பக்கத்தில் இப்போது ஸ்கேன் பண்ணிப் பணம் போடும் அட்டை ஒட்டியிருக்கிறார்கள், இதற்குக் கேஷ்பேக் உண்டா சாமி என்று பங்குச் சாமியாரிடமே போய்க் கேட்டார். "நூறு மடங்கு உண்டு பாக்கியநாதன், ஆனா கொஞ்சம் லேட்டா வரும்" என்றாராம். உச்சவரம்பு இல்லையாம் என்று வீட்டுக்கு வந்து சந்தோஷமாகச் சொல்கிறார்.

ஒரு நல்லதும் நடந்தது, அதையும் சொல்லத்தானே வேண்டும். முன்பெல்லாம் உனக்கு ஞாபகம் வந்தால்தான் போன் வரும், கார்டு வந்த பிறகு நான் தட்டினால் வந்துவிடும். இதைக் கண்டுபிடித்ததிலிருந்து உன் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்தால் ஸ்வீட் கடைக்குப் போய் கால் கிலோ அல்வா வாங்கித் தட்டுவேன், படி இறங்குவதற்குள் நீ கூப்பிட்டுவிடுவாய். அல்வாவைத் தின்றதெல்லாம் பக்கத்து வீட்டு ஜெஸிமாவின் பிள்ளைகள், அதுகள் இரண்டும் உருண்டையாகிவிட்டன, நீ வீணாக என் சுகரை நினைத்துக் கவலைப்பட்டாய்.

போன வாரம் என் பெயரிலேயே ஒரு கார்டு எடுப்பது என்று முடிவு பண்ணி, ஸ்ரீரங்கத்தில் பானுமதி டீச்சர் வீட்டுக்குப் போனேன், எட்டாம் வகுப்பில் உன் காதைத் திருகிய அதே கணக்கு டீச்சர்தான். காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது, பாலத்தில் ஆளாளுக்கு வண்டியை நிறுத்திப் போட்டோ எடுப்பதால் பஸ் நகரவே இல்லை. அவள் மூன்று கார்டின் நிபந்தனைகளைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தாள். முதலாவதில் அஞ்சு சதவீதம், ஆனால் ஆன்லைனில் வாங்கினால்தான், முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்காமல் வாங்கி எனக்குப் பழக்கமில்லை. இரண்டாவதில் பெட்ரோலுக்கு மட்டும்தான் காசு திரும்பும், அப்பாவின் மொபெட் குடிப்பதைவிட அவர் காபி அதிகம் குடிக்கிறார். மூன்றாவது எல்லாச் செலவுக்கும் என்று முன்பக்கம் பெரிய எழுத்தில் போட்டிருந்தது, பின்பக்கம் பொடி எழுத்தில் நகை சேராது, இன்சூரன்ஸ் சேராது, கரண்ட் பில் சேராது, பெட்ரோல் சேராது. மிச்சம் என்னதான்டி இருக்கு என்றாள் பானுமதி. அதுவும் பாயிண்டாகத்தான் வருமாம், பாயிண்டைப் பணமாக்க ஒரு கட்டணமாம், அந்தக் கட்டணத்துக்கு வரியும் உண்டாம். கடைசியில் என் பென்ஷன் வருகிற பேங்குக்கே போனோம். அங்கே இருந்த ஆன்சி என்ற பெண் என் வயதைக் கேட்டுவிட்டு, "ஆன்ட்டி, டெபாசிட் போட்டீங்கன்னா அது மேல கார்டு தரலாம்" என்றாள். போட்டேன். ஒரு சதவீதம்தான், வருஷக் கட்டணம் கிடையாது, சேதி என் போனுக்கு மட்டும் வரும்.

அஞ்சை விட்டுவிட்டு ஒன்றுக்கு ஏன் போகிறாய் என்று கேட்பாய். சொல்கிறேன், உட்கார்ந்து படி. ஜூலையில் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அப்பாவிடம் சொல்லவில்லை, பானுமதியைக் கூட்டிக்கொண்டு தில்லைநகரில் ஸ்கேன் எடுத்தேன், கட்டியில் ஊசி குத்தி டெஸ்டுக்கும் எடுத்தார்கள். கார்டு பையில்தான் இருந்தது, ஆனால் ரொக்கமாகக் கொடுத்தேன். தட்டினால் உடனே நீ கூப்பிடுவாய், ஸ்கேன் எதற்கு என்று துருவித் துருவிக் கேட்பாய். பானுமதியை பஸ் ஏற்றிவிட்டுத் தனியாக நின்றதும் பயம் வந்துவிட்டது பிரவீன், நன்றாகவே பயந்துபோனேன். நேரே ஸ்வீட் கடைக்குப் போய்த் தட்டினேன். நீ கூப்பிட்டாய். "மறுபடியும் அல்வாவா, சொன்னா கேக்கவே மாட்டியாம்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். எப்படிம்மா இருக்க என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நடுரோட்டில் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன்.

ரிப்போர்ட் வந்துவிட்டது, வெறும் நீர்க்கட்டி, ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார், நீ லீவு போட்டு ஓடிவர வேண்டாம். அப்பாவிடம் காட்டினேன். ரொக்கமாகக் கொடுத்ததில் எவ்வளவு கேஷ்பேக் போச்சு தெரியுமா என்று அழுதுகொண்டே சண்டை போட்டார். உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போது இல்லை. நான் எந்தக் கடையில் நிற்கிறேன் என்பது தெரிந்தால் அம்மாவைத் தெரியும் என்று நீ நினைத்துக்கொண்டாய், போன் வருகிற ஆசையில் நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

கார்டைத் துண்டாக்கினால் போதாதாம், நீ பேங்குக்குச் சொல்லி நிறுத்த வேண்டுமாம், மறக்காமல் செய். ராத்திரி நூடுல்ஸைத் தின்றுவிட்டுப் படுக்காதே. வேளாங்கண்ணி மாதா உன்னை நோய்நொடியில்லாமல் காப்பாற்றட்டும், நல்ல பெண்ணாக ஒருத்தியைக் காட்டட்டும், காட்டினால் அவளுக்கு உன் கார்டைக் கொடுத்துத் தொலைக்காதே. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டில்தான் இருப்பேன். எதுவும் வாங்கியிருக்க மாட்டேன். சும்மா கூப்பிடு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
லூர்துராணி