மீன் கரையும் இரண்டு கைகளும்

ஜூலை 4, வெள்ளி

சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்: இனி இதில் எழுதப்போவதை ஆரணியில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். கமண்டல நாகநதியில் வெறுங்கையால் முதலை பிடித்தேன் என்றதையே நம்பாத ஊர்.

அக்கா மகள் ஜெயப்ரியா சென்னையிலிருந்து வந்திருக்கிறாள். தறி வீட்டுப் பெண்களின் வேலையை ஆராய்ச்சி செய்து, வீடியோவாக்கி நெட்டில் போடுவது அவள் உத்தியோகம்.

"கூலியும் ஆம்பளைங்க பேர்ல, நெசவாளர் அட்டையும் ஆம்பளைங்க பேர்ல. பொம்பளைங்க செய்யறது எந்தக் கணக்குல வருது மாமா?"

பதிலாகத் தும்மினேன். என் தறியோடு சேர்த்து மூன்று தெருவுக்குத் தறிகள் நின்றன.

ஜூலை 7, திங்கள்

வீடியோ வந்துவிட்டது. பேசியது பக்கத்துத் தெரு பரிமளா. முகம் வராது, பேர் வராது என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் வாயைத் திறந்தாள். குரலைக்கூட மாற்றிவிட்டார்கள். தறி நாடாவுக்குள் போகிற நூலை, அதாவது தாரை, ராட்டினத்தில் சுத்துகிற இரண்டு கை மட்டும். 'நான் சுத்தலைன்னா அவர் தறி ஓடாது. ஆனா அவ வீட்ல சும்மா கீறான்னு சொல்லிகினு திரியறாரு.'

ஜெயப்ரியா குதிக்கிறாள். ஆயிரக்கணக்கில் பார்க்கிறார்களாம்.

நான் போனைக் கிட்டே வைத்துப் பார்த்தேன். கைகளுக்குப் பின்னால், தறியில், சேலைக் கரை பளிச்சென்று தெரிகிறதே! துள்ளுகிற மீன். பாவு நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்ய வைக்கிற மாணிக்கவேல் முதலாளியின் புது டிசைன். ஒரே ஒரு தறிக்குத்தான் கொடுத்திருக்கிறார் — பரிமளா புருஷன் சதீஷ் தறிக்கு.

இந்த ஊரில் கரையைக் காட்டிவிட்டு முகத்தை மறைத்து என்ன பிரயோஜனம்?

ஜூலை 8, செவ்வாய்

ஜெயப்ரியாவிடம் சொன்னேன். பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. உடனே வீடியோவை எடுத்துவிட்டாள். அதற்குள் டீக்கடையில் எல்லார் போனிலும் ஏறிவிட்டது. "பரிமளாக்கா என்னை நம்பித்தான் பேசினாங்க மாமா." சாப்பிடவில்லை. நானும்தான். நான் சாப்பிடாவிட்டால் அரிசி விலை இறங்கும்.

ஜூலை 9, புதன்

தூக்கமில்லை. முதலாளி பார்த்திருப்பாரா?

ஜூலை 10, வியாழன்

பார்த்துவிட்டார். டீக்கடையில் எல்லார் எதிரிலும் கத்துகிறார்: "என் பாவு நூலை வாங்கி நெய்துகினு ஊர் சிரிக்க பேசறாளா? சதீஷுக்கு இனிமே பாவு கிடையாது!"

பாவு இல்லையென்றால் அந்த வீட்டில் அடுப்பெரியாது. பிறகு சதீஷ் அவளை என்ன செய்வானோ?

என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. "அது என் தறிங்க. ஜன்னல் வழியா ஒரே பார்வை பார்த்தேன், உங்க மீன் மொத்தமும் என் மூளையில நீந்த ஆரம்பிச்சிடுச்சு. கை என் சம்சாரம் கற்பகத்தோடது. அவ திட்டறது என்னையத்தான்."

கடை முழுக்கச் சிரிப்பு. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "நாளைக்கு வூட்டுக்கு வரேன். அந்தம்மாவையே கேக்கறேன்."

கெட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

காலையிலிருந்து கற்பகத்திடம் சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்ட பிறகுதான், ராட்டினத்தில் தார் சுத்திக்கொண்டிருந்தவள் காதில் போட்டேன்: "முதலாளி என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லு." என்ன ஏது என்று சொல்ல நேரமில்லை.

"இவரைப் பத்தி பேசினது நீங்கதானாம்மா?"

"ஆமாங்க."

"என்ன பேசினீங்க? என் எதிர்லயே சொல்லுங்க."

செத்தேன் என்று கண்ணை மூடினேன். ராட்டினம் நின்றது.

"என்னாங்க பேசறது? விடிஞ்சதுலருந்து தார் சுத்தறது நான். இழை அறுந்தா முடிபோடறது நான். யாராச்சும் கேட்டா, அவ வீட்ல சும்மா கீறான்றாரு இந்த மனுசன்."

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "திருட்டுப் பய. இனிமே என் மீனைத் தொட்ட, கையை ஒடிச்சிடுவேன்." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

சதீஷ் வீட்டுக்குப் பாவு வந்துவிட்டது. எதிரில் வந்த பரிமளா நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனாள்.

ராத்திரி சோறு போடும்போது ஜெயப்ரியா கேட்டாள்: "வீடியோவைப் பார்த்துட்டுதானே அத்தை அப்படியே சொன்னீங்க?"

"எந்த வீடியோ?" என்றாள் கற்பகம்.

முதலை பிடித்தது புளுகு. மீனைத் திருடியது புளுகு. தும்மலுக்குத் தறி நின்றதும் புளுகு. அவள் சொன்னது மட்டும் நிஜம்.