ஆறுக்கு அடுத்தது எட்டு

சண்டர்லேண்ட்
2 மார்ச் 1909

அன்புள்ள ஹெஸ்டர்,

அரங்கத்தை விற்றுவிட்டேன். வாங்கியவர்கள் இனி அதில் படம் காட்டப்போகிறார்கள். பாட்டும் கோமாளியும் வேண்டாமாம். வண்டியில் கடல்நத்தை விற்ற காசில் எண்பத்துநாலில் கட்டியது. திறந்த அன்று கூட்டத்தில் கேலரிக் கம்பியே வளைந்தது, நினைவிருக்கிறதா?

எத்தனையாவது நிகழ்ச்சி என்று காட்ட மேடையோரச் சட்டத்தில் எண்பலகை மாட்டுவோமே, அதில் ஆறுக்கு அடுத்து எட்டுதான், பத்தொன்பது வருஷமாக. ஏழு உன்னுடையது. கேலரிக்காரர்கள் விடுவார்களா? “யோவ் ஜெத்ரோ, பொண்டாட்டியத் தொலைச்ச மாதிரி நம்பரையும் தொலைச்சுட்டியா?” என்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

அன்று நீ பாதிப் பாட்டில் இருக்கும்போதே அறிவிப்பாளர் மேசையில் சுத்தியலைத் தட்டி, “அடுத்தது எட்டு” என்றவன் நான்தான். உன் பாட்டுக்குக் கூட்டம் வாயைப் பிளந்து உட்கார்ந்துவிட்டது, பீர் விற்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

கடைசிக் காட்சி 27, சனிக்கிழமை. வந்து அந்தப் பாட்டை முடித்துக் கொடு.

ஜெத்ரோ


பிளாக்பூல்
9 மார்ச்

அன்புள்ள ஜெத்ரோவுக்கு,

வரமாட்டேன். பல் கட்டிய வாயில் அந்தப் பாட்டு நிற்காது. நான் நடத்தும் விடுதியில் ஆறு அறையிலும் ஆட்கள். விடிந்தால் அத்தனை பேருக்கும் மீன் வறுக்கவேண்டும்.

பீர் விற்கவில்லை என்று அன்றே சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், போயிருக்கமாட்டேன். “உன் தொண்டை போச்சு ஹெஸ்டர், உன் நல்லதுக்குத்தான் நிறுத்தினேன்” என்றீர்களே! அதை நம்பி அப்புறம் எந்த மேடையிலும் நான் ஏறவில்லை.

விற்ற பிறகு எங்கே தங்குவீர்கள் என்று எழுதவேயில்லையே.

ஹெஸ்டர்


சண்டர்லேண்ட்
29 மார்ச்

அன்புள்ள ஹெஸ்டர்,

சனிக்கிழமை ஏழாம் எண்ணை மாட்டினேன். மேடை காலி. வாத்தியக்காரர்கள் உன் பாட்டை முழுக்க வாசித்தார்கள். கேலரியில் ஒரே ஒரு குரல்: “டேய், தொப்பியக் கழட்டுடா.” நான் சுத்தியலைத் தொடவில்லை.

உன் தொண்டையில் ஒரு குறையும் இருந்ததில்லை.

டிக்கெட் அறைக்கு மேலேதான் இத்தனை நாளும் தனியாகப் படுத்திருந்தேன். ஏப்ரலோடு அதுவும் போகிறது. உன்னிடம் அறை ஏதும் காலியாகுமா?

ஜெத்ரோ


சண்டர்லேண்ட்
6 ஏப்ரல்

அன்புள்ள ஹெஸ்டர்,

உன் தபால் அட்டை கிடைத்தது. அங்கே எல்லோரிடமும் உன்னை விதவை என்று சொல்லிவைத்திருக்கிறாய். அதை நான் கெடுக்கமாட்டேன். பழைய நத்தை வியாபாரி, ஒண்டிக்கட்டை என்று சொல்லிக்கொள்கிறேன். பொய்யில்லையே.

நீ எழுதியபடியே சம்மதம்: ஜன்னலுக்கு எதிரே சுவர் இருக்கும் பின்னறை, மற்றவர்கள் எழுந்துபோன பிறகு சாப்பாடு, கணப்புக் கரிக்கும் சேர்த்து வாரம் பன்னிரண்டு ஷில்லிங், ஒரு வாரம் முன்பணம்.

ஜெத்ரோ