இடைக்கிடை வந்த நோ

மச்சாள்,

இன்று காலை ஓட்டமாவடியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு பிள்ளை கைப்பேசியில் இங்கிலிஷ் பாடம் பார்த்துக்கொண்டு வந்தாள். சத்தத்தைக் கூட்டி வைத்திருந்ததால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. ஒரு பெண் குரல் சோடி சோடியாய்ச் சொற்களைச் சொல்லி, தமிழில் கருத்தும் சொல்லிற்று. 'அகெய்ன் அன்ட் அகெய்ன்', திரும்பத் திரும்ப. 'ஹியர் அன்ட் தெயர்', அங்கும் இங்கும். அடுத்து எது வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 'நவ் அன்ட் தென்', இடைக்கிடை. அந்தப் பிள்ளை அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். நான் எழும்பி மணியடித்து, பனிச்சங்கேணிப் பாலத்துக்கு முன்னமே இறங்கிவிட்டேன். மீதி வழி முழுக்கக் கச்சான் காற்றில் உங்களோடு பேசிக்கொண்டே நடந்தேன்.

உங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு இங்கே யாரையும் தெரியாது. ஒத்த வயதில் ஒரு மச்சாள் கிடைத்தது என் அதிட்டம். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் உண்மையாகச் சிநேகிதிகளானது நாற்பது வயதுக்குப் பிறகு, அந்த ஓட்டமாவடி இங்கிலிஷ் வகுப்பில்தான் என்று நினைக்கிறேன்.

வகுப்புக்குப் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நீங்கள். பாசிக்குடாப் பக்கம் ஒரு விடுதியில் சமையலுக்கு நின்றீர்கள். உங்கள் நண்டுக் கறியைச் சாப்பிட்ட வெள்ளைக்காரர்கள் குசினி வாசலுக்கு வந்து ஏதோ சொல்வார்களாம். மனேஜர் நடுவில் நின்று நீளமாகப் பதில் சொல்லிவிட்டு, உங்களிடம் திரும்பி, "நல்லமாம்" என்று ஒரு சொல்லோடு முடித்துவிடுவாராம். "அவ்வளவு நேரம் கதைச்ச வெள்ளக்காரி, ஒரு சொல்லா சொல்லியிருப்பா?" என்று என்னிடம் கேட்டீர்கள். உங்களுக்கும் இன்னொருவருக்கும் நடுவில் மூன்றாம் ஆள் நிற்பது உங்களுக்குப் பிடிக்காது. உங்கள் கலியாணப் பேச்சில்கூடத் தரகரை விலக்கிவிட்டு மாப்பிள்ளையிடமே நேரே கேட்டவர் நீங்கள் என்று உங்கள் அண்ணன் இன்றைக்கும் சொல்வார்.

புடைவைக் கடைக்கு மேலே இருந்த அந்த அறையில், எங்களுக்கு மகளாகும் வயதிலிருந்த டீச்சர் சோடிச் சொற்களைச் சொல்லித் தந்த சனிக்கிழமை நினைவிருக்கிறதா? 'டூ அன்ட் ஃப்ரோ', 'அப் அன்ட் டவுன்', 'சூனர் ஓர் லேட்டர்'. தமிழில் இங்கும் அங்கும் என்றாலும் அங்கும் இங்கும் என்றாலும் ஒன்றுதானே, இங்கிலிஷில் ஏன் புரட்டிச் சொல்லக்கூடாது என்று கேட்டீர்கள். "புரட்டினா கருத்து மாறிரும் அக்கா. 'தென் அன்ட் நவ்' எண்டா அந்தக் காலமும் இந்தக் காலமும்" என்றா டீச்சர். ஒரு மொழி இவ்வளவு கண்டிப்பாக இருப்பது உங்களுக்கு வியப்பாக இருந்தது. 'நவ் அன்ட் தென்' மட்டும் உங்கள் நாக்கில் ஒட்டிக்கொண்டது. மழை நவ் அன்ட் தென், கரண்ட் நவ் அன்ட் தென், ஆழ்கடலுக்குப் போய் வரும் புருசன் நவ் அன்ட் தென் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிச் சிரித்தீர்கள்.

அடிவயிற்று நோவை எனக்குக்கூடக் கனநாள் சொல்லவில்லை. சொன்ன பிறகும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று நின்றீர்கள். அங்கே டொக்டருக்குத் தமிழ் தெரியாது. அட்டெண்டன் பொடியன்தான் கேட்டுச் சொல்வான். "என்ட அடிவயித்து வருத்தத்த அந்தப் பொடியனுக்குச் சொல்லி, அவன் டொக்டருக்குச் சொல்லோணுமா மச்சாள்?" என்றீர்கள். கடைசியில் போவதென்று முடிவெடுத்தது, நீங்களே இங்கிலிஷில் சொல்லலாம் என்ற தைரியம் வந்த பிறகுதான்.

அன்று உள்ளே ஒருவரை மட்டும்தான் விட்டார்கள். நான் வெளி வாங்கில் குந்தியிருந்தேன். வெளியே வந்தபோது உங்கள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை. பொடியனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, டொக்டரின் முகத்தைப் பார்த்து நீங்களே சொன்னீர்களாம்: 'த பெயின் கம்ஸ் நவ் அன்ட் தென்.' அவரும் தலையாட்டினாராம். மரியாதையாக, பொறுமையாகக் கேட்டாராம். குளிசை தந்து, மூன்று மாதத்தால் வரச் சொன்னாராம். நாங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரி வாசல் கடையில் தேத்தண்ணி குடித்தோம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த மூன்று மாதமும் நீங்கள் குளிசையைத் தவறாமல் போட்டீர்கள். சரிவராமல் இரண்டாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, புற்றுநோய் வயிற்றுக்குள் பல இடத்துக்கும் பரவிவிட்டது என்றார்கள். வாட்டில் இருந்த தமிழ் டொக்டர், தொடக்கத்தில் நோ எப்படி இருந்தது என்று கேட்டார். முதல் டொக்டரிடம் சொன்னதை அப்படியே, அதே பெருமையோடு, அவருக்கும் சொல்லிக் காட்டினீர்கள். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"அம்மா, ஒரு நாளைக்கு எத்தின தரம் வந்த?" என்று கேட்டார்.

"எண்ண ஏலாது தம்பி. விட்டு விட்டு வந்துகொண்டேதான் இரிக்கும்."

அவர் உங்கள் போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனார். நீங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தீர்கள். பின்னேரம்தான் கேட்டீர்கள், என் பக்கம் திரும்பாமலே. "மச்சாள், அது இடைக்கிடை இல்லையா?"

இடைக்கிடைதான் மச்சாள் என்றேன். எனக்கும் அவ்வளவுதான் தெரியும். நம்மட பேச்சில் மழை இடைக்கிடை பெய்தது என்றால், நாள் முழுக்க விட்டு விட்டுப் பெய்ததென்றும் எடுக்கலாம் அல்லவா? செத்த வீட்டுக்கு வந்த டீச்சர்தான் எனக்கு விளங்கப்படுத்தினா. எப்பவாவது ஒருக்கா வாறதுக்குத்தான் நவ் அன்ட் தென் என்பார்களாம். விட்டு விட்டு வாறது 'ஓஃப் அன்ட் ஓன்', திரும்பத் திரும்ப வாறது 'அகெய்ன் அன்ட் அகெய்ன்'. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவவுக்கு அழுகை முட்டிவிட்டது. "நான் இடைக்கிடை எண்டுதானே சொல்லிக் குடுத்தன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தா.

தமிழ் டொக்டரை ஒருநாள் தனியாகப் பிடித்துக் கேட்டேன். சரியான சொல்லைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? முதலே ஸ்கேன் எடுத்திருப்பார்களா? காப்பாற்றியிருக்கலாமா? "சொல்ல ஏலாது அக்கா. அப்பவே பரவியும் இருந்திருக்கலாம்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஓம் என்று சொல்லியிருந்தால் யாரையாவது திட்டியிருப்பேன். இல்லை என்றிருந்தால் விதி என்று கிடந்திருப்பேன். இரண்டும் இல்லாமல் விட்டுவிட்டார். அந்தக் கேள்வியோடு எழும்பி, அதோடுதான் படுக்கிறேன்.

உங்கள் அண்ணன் மறந்துவிடு என்கிறார். அவர் மறக்கவில்லை. தலையிடி என்று சொன்னால், எப்படி, எவ்வளவு நேரம், எத்தனை தரம் என்று நான் கேட்டுக் கேட்டு, இப்போது அவர் வருத்தத்தையே எனக்குச் சொல்வதில்லை.

வாட்டில் அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு நீங்கள் ஒரு இங்கிலிஷ் சொல்லும் சொல்லவில்லை. பிறகு தமிழும் குறைந்தது. நர்ஸ் வந்து நோ எப்படி என்று கேட்டால் பேசாமல் கிடப்பீர்கள். ஊசி போடுவதற்காவது சொல்லுங்கள் என்று நான் கெஞ்சினேன்.

"சொன்னா வேற மாதிரி விளங்கிரும் மச்சாள். நீங்க கையத் தாங்க" என்றீர்கள்.

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நோ வரும்போதெல்லாம் இறுக்கினீர்கள். விடும்போது தளர்த்தினீர்கள். முதல் நாள் ஒரு இறுக்கலுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் எனக்கு ஒரு கதை சொல்லி முடிக்க நேரம் கிடைத்தது. பிறகு ஒரு வசனத்துக்குக்கூடக் கிடைக்கவில்லை. கடைசி நாள் நீங்கள் கையைத் தளர்த்தவே இல்லை.

உங்கள் விரல் பட்ட இடத்தில் இப்போது ஒரு அடையாளமும் இல்லை. ஆனால் அந்தப் பிடி அங்கேதான் இருக்கிறது. அரிசி கழுவும்போது வரும். யாரோடாவது சிரித்துப் பேசிக்கொண்டு நிற்கும்போது வரும். எத்தனை தரம் வருகிறது என்று இதுவரை எவரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டாலும் நான் பேசாமல் கையைத்தான் நீட்டுவேன், மச்சாள்.