வேலப்பன் என்ன நினைக்கிறான்?

மாப்ள,

இன்று காலை செல்வி தன் டீக்கடையில் ஜூஸ் போடுவதற்காகப் பட்டர் ஃப்ரூட்டை இரண்டாக வெட்டினாள். கொட்டை தெறித்து மேசையில் உருண்டு என் டீ கிளாசில் முட்டி நின்றது. கையில் எடுத்துப் பார்த்தேன். ஈரமாக, வழவழவென்று, கோழிமுட்டை அளவில் இருந்தது. செல்வி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் உன் நினைவு வந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. ஆடலூரில் உன் தம்பி தோட்டத்துப் பழங்களைச் சாக்கில் கொண்டுவந்து எங்களுக்குப் பங்கு வைப்பாய். கொட்டைகளை மட்டும் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்வாய். நம் பகடை விளையாட்டில் அவைதான் பூதங்கள்.

மழை தொடங்கிவிட்டது. டாக்சி ஸ்டாண்டில் வண்டிகள் நனைந்துகொண்டு நிற்கின்றன, டிரிப் ஒன்றும் இல்லை. நீ இருந்திருந்தால் இந்நேரம் வேனில் நடு சீட்டை மடக்கிப் போட்டு, "ஏலே, சோலியத்துத்தான கெடக்கீங்க, ஏறுங்கடா" என்று கூப்பிட்டிருப்பாய். நீ வெயில் காலத்தில் போய்ச் சேர்ந்தாய். நீ இல்லாத முதல் மழை இது. எனக்கு இதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அந்த விளையாட்டு நமக்கு வந்ததும் ஒரு மழையில்தான். மண் சரிந்து காட் ரோடு அடைபட்டபோது, நீ ஏற்றிவந்த கல்லூரிப் பிள்ளைகள் ஊருக்கு இறங்க முடியாமல் உன் வேனிலேயே உட்கார்ந்து பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு பாத்திரம். ஒருவன் கதை சொல்லிப் போவான், மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள், அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை தீர்க்கும். நீ முதலில் எட்டிப் பார்த்தாய், பிறகு மூக்கை நுழைத்தாய், சாயங்காலத்துக்குள் அவர்களோடு சண்டையே போட ஆரம்பித்துவிட்டாய். பாதை திறந்ததும் அவர்கள் பகடைகளை உன்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள். கதை சொல்லும் வேலையை நீ என் தலையில் கட்டினாய். வண்டியை நடத்துகிறவன் கண்டக்டர் என்றால் கதையை நடத்துகிறவனும் கண்டக்டர்தான் என்று பட்டமும் கொடுத்தாய். டீக்கடைச் செல்வி வாள் வீசுகிறவள். நம் ஸ்டாண்டில் சின்னவன் அந்தோணி திருடன். நீ வேலப்பன் என்கிற மந்திரவாதி.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள் உண்டு. அதில் பலம், வேகம், தெம்பு. அப்புறம் புத்தி, விவேகம், வசீகரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். எண் பெரிதாக இருந்தால் பகடை கொஞ்சம் தாழ விழுந்தாலும் காரியம் நடக்கும். உடம்பு சம்பந்தப்பட்ட மூன்றில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மனசு சம்பந்தப்பட்ட மூன்றில்தான் தகராறு. புத்தியும் விவேகமும் ஒன்றுதானே, எதற்கு இரண்டு எண் என்று அந்தோணி பிடிவாதமாக நின்றான்.

நீ சொன்னாய்: "காட் ரோட்டுல அத்தனை வளைவும் மனப்பாடமா இருந்தா அது புத்தி. மனப்பாடமா இருந்தும் மூடுபனியில வண்டிய ஓரங்கட்டுனா அது விவேகம். ஓரங்கட்டுனதுக்குப் பயணிகிட்ட ஏச்சு வாங்காம, அவன் காசுலயே டீ குடிச்சா அதுக்குப் பேருதான்டா வசீகரம்." செல்வி, அந்த மூன்றாவது உனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது என்று சொல்லிவிட்டு நீ வைத்திருந்த டீ பாக்கிக்காக முறைத்தாள்.

வேலப்பனுக்குப் புத்தி பதினெட்டு. அதற்கு மேல் தொடக்கத்தில் யாருக்கும் கொடுப்பதில்லை. ஆனால் அந்த எண்ணை நீ பயன்படுத்தியதே கிடையாது. பூட்டிய கதவோ, விடுகதை போடும் பேயோ, பொய் சொல்லும் ராஜாவோ, எது வந்தாலும் தாடையைச் சொறிந்துகொண்டு நீயே யோசித்து விடை சொல்வாய். பகடை போடச் சொன்னால் உனக்குக் கோபம் வந்துவிடும். "பாறையத் தூக்கணுமா, போடு பகடைய. நம்மால ஆகாது, அவன் தூக்குறான். யோசிக்கிறதுக்கு என்னத்துக்கு மாப்ள பகடை? மண்டை நம்ம மண்டைதான?" வாரம் முழுக்க வண்டி ஓட்டிக்கொண்டே நான் கட்டிவைத்த புதிரை நீ டீ ஆறுவதற்குள் உடைப்பாய். எனக்கு எரிச்சலாக இருக்கும். உன்னை நினைத்துப் பெருமையாகவும் இருக்கும்.

உனக்கு மறதி வந்ததை முதலில் கண்டுகொண்டவன் நானாகத்தான் இருக்க வேண்டும். கதையில் வந்த ஒரே சத்திரக்காரனின் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டாய். முந்தின வாரம் நீயே உடைத்த புதிரைப் புதிதாகக் கேட்கிறவன் போல வாயைப் பிளந்துகொண்டு கேட்டாய். அந்தோணி கிண்டல் செய்தான், நீயும் சேர்ந்து சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு ஒரு நாள் கிளாவரைக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனவன், பூம்பாறை தாண்டி ஒரு பிரிவில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றுவிட்டாய். கண்ணைக் கட்டிவிட்டாலும் நீ போகிற சாலை அது. எனக்கு போன் போட்டாய். நான் வந்து சேர்ந்தபோது வண்டி ஒழுங்காக ஓரங்கட்டி நின்றது. சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தாய். அந்தக் குடும்பத்துப் பெரியம்மா உனக்கு பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தார். விவேகமும் வசீகரமும் அப்படியே இருந்தன. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சாவியை என் கையில் வைத்து, "இனிமே நான் ஓட்டக் கூடாது மாப்ள" என்றாய்.

வேன் போன பிறகு உனக்கு மிஞ்சியது எங்களோடு உட்காரும் அந்த விளையாட்டு மட்டும்தான். அதுவும் கைவிட்டுப் போய்விடுமோ என்று நீ பயந்தாய். விடிந்ததும் வந்து செல்வி கடை பெஞ்சில் உட்கார்ந்து, இன்றைக்கு ஆட்டம் உண்டா என்று கேட்பாய். நீ இல்லாத நேரத்தில் அந்தோணி மெல்லச் சொன்னான்: "வேலப்பனோட புத்தியக் கொறச்சுரலாம்ண்ணே. ஆளுக்கு ஏத்த எண்ணா இருந்தா, அவரு தப்பாச் சொன்னாலும் கதையில உறுத்தாதுல்ல." அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ரப்பரைக் கையில் எடுத்தேன். என்னால் முடியவில்லை.

அன்றைக்கு மூடுபனி கடைக்குள்ளேயே வந்திருந்தது. கதையில் ஆற்றைக் கடக்க வேண்டும். காவல் பூதம் ஒரு விடுகதை போட்டது. பள்ளிப் பிள்ளை சொல்லிவிடும் விடுகதை, உனக்காகவே எளிதாக எடுத்து வைத்திருந்தேன். நீ தாடையைச் சொறிந்தாய். பூதத்தைப் பார்த்தாய், எங்களைப் பார்த்தாய்.

"தெரியல மாப்ள."

"உருட்டு. வேலப்பனுக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாதது அவனுக்கு எப்படித் தெரியும்?"

"பாறையத் தூக்குனது நீயா? அவன்தான? இதையும் அவன் பாத்துக்கிடுவான், போடு."

வெகுநேரம் பகடையைக் கைக்குள்ளேயே வைத்திருந்துவிட்டு உருட்டினாய். நல்ல எண் விழுந்தது. வேலப்பன் சொன்னதாக விடையை நான் சொன்னேன். "அப்படியா சொன்னான்? கெட்டிக்காரப் பய" என்று சந்தோஷமாகச் சிரித்தாய். செல்வி பாலைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நீ யோசிப்பதை விட்டுவிட்டாய். "வேலப்பன் என்ன நெனைக்கிறான்?" என்று என்னைக் கேட்பாய், உருட்டுவாய், நான் சொல்வேன். உன் மண்டைக்குள் நடந்துகொண்டிருந்த வேலையை என் மண்டைக்கு மாற்றிக்கொண்டோம். நீ எதிரே உட்கார்ந்து அதை ரசித்தாய். பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் நீ எங்களோடு உட்கார்ந்திருந்தாய்.

குளிர் ஆகாது என்று டாக்டர் சொன்னதால், நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி உன்னைத் தன் பிறந்த வீட்டுக்கு, அய்யம்பாளையத்துக்குக் கூட்டிப் போனாள். நான் வந்தபோது தென்னந்தோப்பு ஓரம் கயிற்றுக் கட்டிலில் இருந்தாய். எழுந்து நின்று, "சாருக்கு எங்க போகணும்?" என்று மரியாதையாகக் கேட்டாய். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னேன். தங்கச்சி சோறு கொண்டுவந்தாள். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, நம்முடைய இருபது முகப் பகடையை எடுத்து உன் கையில் கொடுத்தாள். நீ கட்டிலில் உருட்டினாய். அவள் குனிந்து பார்த்து, "வேலப்பன் சாப்பிடலாம்னு நெனைக்கிறான்ங்க" என்றாள். நீ வாயைத் திறந்தாய்.

விழுந்திருந்தது மூன்று. மூன்று விழுந்தால் எப்பேர்ப்பட்ட புத்திசாலிக்கும் காரியம் ஆகாது. பிறகு அவளிடம் கேட்டேன்.

"நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாருண்ணே. அவன் சொன்னா கேக்குறாரு. அவனுக்குப் புத்தி ஜாஸ்திங்கிறது மட்டும் அவருக்கு மறக்கவே இல்ல. என்ன விழுந்தாலும் நான் பாட்டுக்குச் சொல்லிருவேன். குளிக்க, மாத்திரை போட, எல்லாத்துக்கும் அவன்தான்."

மலை ஏறும் வரைக்கும் அழுதுகொண்டே ஓட்டினேன், மாப்ள. அந்த எண்ணை அழிக்காமல் விட்டதற்காக என்னை நானே மெச்சிக்கொள்ளவும் செய்தேன்.

இப்போது நாங்கள் மூன்று பேர்தான் ஆடுகிறோம். வேலப்பனை நான் சாகடிக்கவில்லை. வேறு மலைக்குப் போயிருக்கிறான் என்று கதையில் சொல்லி வைத்திருக்கிறேன். ஏதாவது இக்கட்டு வந்தால், மகளுக்கு வரன் பார்க்கிற விஷயமோ வேறு எதுவோ, நானும் உன்னைப் போலவே கேட்டுக்கொள்கிறேன், வேலப்பன் என்ன நினைக்கிறான் என்று. பதில் உடனே வருகிறது. ஆனால் என் குரலில் வருகிறது. உனக்குப் பதிலாக அவனை நானே பேசவைத்துப் பேசவைத்து, நீ பேசிய வேலப்பன் எனக்குள் அழிந்துபோனான். நீ தாடையைச் சொறிவது ஞாபகம் இருக்கிறது. விடை சொல்லும் முன் கண்ணைச் சுருக்குவது ஞாபகம் இருக்கிறது. சொன்ன விடைகளில் ஒன்றுகூட ஞாபகம் இல்லை. புத்தி பதினெட்டு என்று எழுதிய ஒருவனைத் தலைக்குள் சுமந்துகொண்டு வண்டி ஓட்டுகிறேன், மாப்ள. எனக்குத் தெரிந்ததற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.