அண்ணனிடம் போகும் கப்பல்

டெலானிபூர், போர்ட் பிளேர்
7-3-1964

மகன் பாலசுப்பிரமணியத்துக்கு அப்பா கோவிந்தராஜ் மனமார ஆசீர்வதித்து எழுதுவது. நாங்கள் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு ஒழுங்காகக் கல்லூரிக்குப் போய் வா.

உன் தங்கை ஜெயமணியைக் காலையில் கப்பல் ஏற்றிவிட்டேன். தபால் பையை மூடுவதற்குள் இதை எழுதுகிறேன். இதுவும் அதே கப்பலில்தான் வருகிறது. சென்னையில் பையைப் பிரித்து, முத்திரை குத்தி, தபால்காரர் உன் விடுதிக்கு வருவதற்குள் அவள் இறங்கி வேறு ஊருக்குப் போயிருப்பாள். தந்தி அடிக்காதது அதற்காகத்தான். துறைமுகத்துக்கு ஓடாதே, வீண் வேலை.

பத்துபஸ்தி காண்ட்ராக்டர் பன்னீர்செல்வம் உனக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். ஆனால் உங்கள் வீட்டில் ஒரு பாகல் லட்கி, பைத்தியக்காரப் பெண், இருக்கிறாளாமே என்று முகத்துக்கு நேரே கேட்டார். அந்தத் தலைகுனிவு எனக்குப் போதும்.

எல்லாம் உன்னால் வந்த வினை. சின்ன வயதில் இருவரும் சேர்ந்து ஒரு பாஷையைக் கட்டினீர்கள். நீ மெயின்லேண்டுக்குப் படிக்கப் போய்விட்டாய். அவள் அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நாம் பேசுவது புரிகிறது, தமிழில் பதில் மட்டும் வராது. தமிழில் கேட்டால்தான் சோறு என்று சொல்லிப் பார்த்தேன். பட்டினி கிடந்தாளே தவிர கேட்கவில்லை. உன் அம்மா அலமு திருட்டுத்தனமாக ஊட்டிக் காரியத்தைக் கெடுத்தாள்.

சரி, நானே கற்றுக்கொள்கிறேன் என்று கதவோரம் நின்று கேட்டேன். மீனுக்கு லும். இரண்டு மீன் லும்மி. அதற்கு மேலே போனால் லுலும். ஊரெல்லாம் ஒன்று, பல என்று பேசினால் போதும். உங்களுக்கு இரண்டுக்கென்று தனி வால் வேண்டியிருந்திருக்கிறது, நீங்கள் இரண்டு பேர்தானே. வீடு கெதா. வீட்டுக்கு என்றால் கெதாவோ, வீட்டிலிருந்து என்றால் கெதாயேக். எந்தச் சொல்லிலும் ஒழுங்கு தவறவில்லை. சும்மா சொல்லக்கூடாது, புத்தியுள்ள வேலை. அதைப் பாடத்தில் காட்டியிருந்தால் இன்ஜினியரிங் கிடைத்திருக்கும்.

இன்று கிளம்பும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தாள். அடித்தும் விடவில்லை. அப்போதுதான் கப்பல் தபுவோ என்றேன். தபு நீதானே. கப்பல் அண்ணனிடம் போகிறது என்று நான் சொன்னது அவளுக்குப் புரிந்துவிட்டது. என் முகத்தையே பார்த்தாள். நீ போன பிறகு இந்த வீட்டில் அவளிடம் அந்தப் பாஷையில் பேசிய முதல் ஆள் நான். தானே தலைவாரி நீலப் பாவாடையைக் கட்டிக்கொண்டாள். சாத்தம் கப்பல் ஜெட்டிக்குப் போகும் வழி முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். பதினாறு வருடத்தில் என்னிடம் அவ்வளவு பேசியதில்லை. எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அதற்காகத் திருப்பி அழைத்து வர முடியுமா?

ஊருக்குத் திரும்பும் ஆயா அன்னம்மாள் துணைக்குப் போகிறாள். இந்த மாதிரிப் பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் அவளை விட்டுவிடுவாள். எந்த ஊர் என்று எழுத மாட்டேன். உன் அம்மாவுக்கும் தெரியாது, கேட்டு எழுதி அவளை அழ வைக்காதே. அலமு நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. பசித்தால் சாப்பிடுவாள்.

நான் ஒன்றும் ஈவிரக்கம் இல்லாதவன் இல்லை. சோறு, தண்ணீர், வயிற்றுவலி, இதற்கெல்லாம் அவள் என்ன சொல்வாள் என்று அன்னம்மாளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அண்ணனுக்கு உள்ள சொல்லை மட்டும் சொல்லவில்லை. அங்கே அவள் நாளெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பாள். அர்த்தம் தெரிந்தால் யாராவது இரக்கப்பட்டு உன்னைத் தேடி வந்துவிடுவார்கள்.

லீவுக்கு வந்து பெண்ணைப் பார். அன்றைக்காவது முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மனைவி மக்களோடு நீ நீடூழி வாழ வேண்டும்.

உன் நன்மையைத் தவிர வேறு நினைக்காத அப்பா,
கோவிந்தராஜ்