ரப்பர் பட்டையைக் கழற்றிவிடு

தூத்துக்குடி,
செவ்வாய்க்கிழமை

மகள் ஜெர்லினுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நாலு வருஷமாக உன்னிடம் பேசாமல் இருந்தது ஒன்று, இந்த ஏழு மாதமாக வீட்டில் ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருந்தது இன்னொன்று, இரண்டையும் இன்றோடு விடுகிறேன். கடிதம் என்றால் இங்கே சுகம், அங்கே சுகமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். இங்கே என் கைக்குச் சுகமில்லை, அங்கே உன் கைக்கும் இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்து வேறு யாரோ என்று நினைத்துவிடாதே. இது என் இடது கை. முழுதும் படி, பாதியில் கிழித்துப் போடாதே.

உன் அம்மா உன்னிடம் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். எனக்குக் கேட்கட்டும் என்று போடுகிறாள், நானும் கேட்காத மாதிரி பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பேன். போன மாதம் அப்படித்தான் கேட்டேன். கடைக்கு முறுக்குப் பிழிந்து பிழிந்து கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துப்போகிறது, விடியக்காலம் எழுந்து கையை உதறினால்தான் உயிர் வருகிறது, டம்ளர் நழுவி விழுகிறது என்றாய். பேப்பரில் அதற்கப்புறம் ஒரு வரி எனக்கு ஓடவில்லை. அந்த மூன்று விரல் எனக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தொடங்கியது, கட்டைவிரலில்.

உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா, நான் மணிக்கட்டில் கட்டிவந்த சைக்கிள் டியூப் பட்டை இருக்கிறதல்லவா, அதிலிருந்து ஒரு துண்டு வெட்டி, உடன்குடிக் கருப்பட்டியோடு பார்சலில் வைத்து மும்பைக்கு அனுப்பிவிட்டாள். எனக்குத் தெரியாது. போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் நீ போனில், பார்சல் வந்துவிட்டது, இறுக்கிக் கட்டியிருக்கிறேன், இதமாக இருக்கிறது என்றாய். இதமாகத்தான் இருக்கும் ஜெர்லின். அதுதான் எனக்குப் பயம். எனக்கும் இருபது வருஷம் இதமாகத்தான் இருந்தது.

நான் செய்கிற வேலை உனக்குத் தெரியும். எம்.ஏ. படித்தவனுக்கு வர வேண்டிய வாத்தியார் வேலையை வேறொருவனுக்குக் கொடுத்தார்கள், யார் சிபாரிசில் என்று உன் சின்ன வயதிலிருந்து நீ கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பாய். அதற்குப் பிறகு ஹார்பரில் லாஷிங். கப்பலில் அடுக்கின கண்டெய்னர் சாயாமல், ஆள் உயரத்துக்கு மேல் நீளமான இரும்புக் கம்பியை மாட்டித் திருகி இறுக்குவது, கப்பல் வந்து சேர்ந்ததும் அதையே திருகிக் கழற்றுவது. ஒரு கப்பலுக்கு எத்தனை நூறு திருகல் என்று எண்ணுவதில்லை. கை மரத்தால் டியூப்பை இறுக்கிக் கட்டு என்று எங்கள் கூட்டத்தில் எல்லாருக்கும் சொன்னதே நான்தான். படித்தவர் சொல்லுதார் என்று பத்துப் பேர் கட்டினார்கள். எனக்கும் அது ஒரு பெருமையாக இருந்தது.

தவக்காலத்தில் ஒரு நாள் கம்பி என் கையிலிருந்து போய்விட்டது. நான் விடவில்லை, பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், கையில் கம்பி இல்லை. கீழே நின்ற வன்னியபெருமாளுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அவன் வெளிறிப்போய் நிமிர்ந்து பார்த்து, அண்ணாச்சி, என்மேல கோவம்னா வாயால சொல்லும், கம்பியால சொல்லாதயும் என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்து, கிரீஸ் வழுக்கிவிட்டது என்று சொன்னேன். அவனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மறுநாள் யாரிடமும் சொல்லாமல் திருநெல்வேலிக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன்.

உன் வயது இருக்கும் அந்த டாக்டருக்கு. பட்டையைக் கழற்றி, அது பதிந்த தடத்தை விரலால் தடவிப் பார்த்து, யார் கட்டச் சொன்னது என்று கேட்டாள். உள்ளே வீங்கின இடத்தில் நரம்பு நசுங்குகிறது, நீங்கள் வெளியே இருந்தும் சேர்த்து நசுக்கியிருக்கிறீர்கள் என்றாள். கட்டைவிரல் அடியில் இருக்கிற சதை வற்றிப் பள்ளமாகிவிட்டது. ஆபரேஷன் செய்தால் வலி குறையலாம், போன சதை திரும்புமா என்பது சந்தேகம், மரத்த முதல் வருஷமே வந்திருந்தால் வேறு கதை என்றாள். உனக்கு இப்போது முதல் வருஷம்.

ஞாயிறு மத்தியானமே உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நம்பவில்லை. நாலு வருசமா மவ பேரச் சொல்லாத மனுசன், ஒரு ரப்பர் துண்டு அவளுக்குப் போயிட்டுன்னதும் வாயத் தொறக்கீங்களாக்கும் என்றாள். அந்தத் துண்டைக்கூட உனக்குக் கொடுக்க மனசில்லாமல் டாக்டர் பெயரைச் சொல்லுகிறேன் என்று நினைக்கிறாள். அப்படி நினைக்கிற மாதிரிதான் நானும் நடந்திருக்கிறேன். உனக்கு இரண்டு முறை போன் அடித்தேன். என் நம்பரை எடுக்க மாட்டாய் என்று தெரியும். அதனால்தான் கடிதம், டாக்டர் எழுதின சீட்டின் நகலையும் உள்ளே வைத்திருக்கிறேன்.

முதலில் பட்டையைக் கழற்றிக் குப்பையில் போடு. நரம்பு டாக்டரிடம் போ, எந்த எந்த விரல் என்று சரியாகச் சொல். வலி மாத்திரை போட்டுக்கொண்டு பிழியாதே, வலி தெரியாமல் இருப்பது சுகமானதாக ஆகாது. தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் நேராக வைக்க ஒரு பட்டி தருவார்கள், அது தாங்குவதற்கு, இறுக்குவதற்கு இல்லை. டாக்டர் சொல்லுகிறவரை முறுக்கு உரலைத் தொடாதே. உன் வீட்டுக்காரனிடம் சொல், பிழிகிற மெஷின் ஒன்று வாங்கட்டும், இல்லையென்றால் அவன் பிழியட்டும். அப்படி எழுதினது தவறு. ஜெயகணேஷ் மாப்பிள்ளையிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல். நடந்ததை மறந்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. பயந்திருக்கிறேன் என்று அர்த்தம்.

பெரியதாழையில் உன் அண்ணன் ஜாய்சனும் சுஜிதாவும் சுகம். அவளுக்கு இது ஏழாவது மாதம். நாளை காலை ஹார்பருக்குப் போய் வன்னியபெருமாளிடம் உண்மையைச் சொல்லி, பத்துப் பேர் கையிலிருந்தும் பட்டையைக் கழற்றச் சொல்லப் போகிறேன். திட்டுவார்கள், திட்டட்டும். மாதா உன் கையைக் காக்கட்டும், உன் வீட்டையும் ஆசீர்வதிக்கட்டும். டாக்டரைப் பார்த்ததும் அம்மாவிடம் சொல், நான் பேப்பர் பார்க்கிற மாதிரி பக்கத்தில்தான் இருப்பேன்.

உன் கல்யாணத் தாளில் பெற்றவர் கையெழுத்து வேண்டும் என்று நீ வாசலில் நின்று கேட்டாய், என் கையெழுத்து உனக்கு இந்த ஜென்மத்தில் கிடைக்காது என்றேன். இதிலாவது வலது கையால் போட வேண்டும் என்று இப்போது மூன்று முறை போட்டுப் பார்த்தேன். முதல் எழுத்து முடிவதற்குள் பேனா கீழே விழுகிறது. இடது கையால் போட்டால் அது என் கையெழுத்து ஆகாது. கையெழுத்து இடத்தை அப்படியே வெறுமையாக விட்டுத் தபாலில் போடுகிறேன். பார்த்துக்கொள்.