காருக்கு வார்த்த கிணற்றுத் தண்ணீர்

என் அன்பு அப்பாவுக்கு,

இன்று காலை உங்கள் கார் சாவியை ஒருமுறை திருப்பியதும் ஸ்ராட் ஆனது. இதைத்தான் முதலில் கேட்டிருப்பீர்கள். அம்மாவின் சுகத்தைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் போய் ஒரு வருடம் நிறைகிற ஆட்டைத் திவசத்துக்கு அச்சடிக்கிற நினைவு மலரில் இந்தக் கடிதம் வரப்போகிறது. உங்கள் பண்பையும் பக்தியையும் மற்றவர்கள் எழுதித் தந்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது ரேடியேற்றர். திவசச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களில் நாலு பேராவது இதை வாசித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தங்கள் காரின் பொனற்றைத் திறந்து பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன்.

லைசென்ஸ் எடுத்து நான்கு வருடமாகியும் நீங்கள் எனக்கு ஸ்ரேறிங்கைத் தரவில்லை. கேட்டால், "லைசென்ஸ் உன்னட்டை இருக்கட்டும், கார் என்னட்டை இருக்கட்டும்" என்று சிரிப்பீர்கள். அதனால் நீங்கள் போன பிறகு உங்கள் காரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். விடிந்ததும், தேநீர் குடிக்குமுன், கிணற்றில் ஒரு செம்பு தண்ணீர் அள்ளி அதன் ரேடியேற்றருக்கு வார்க்கவேண்டும். "எங்கடை கிணத்திலை உப்புச் சவர் இல்லை. நான் குடிக்கிற தண்ணியைத்தான் அதுக்கும் குடுக்கிறன்" என்று ஊருக்கெல்லாம் சொல்வீர்களே.

நானும் வார்த்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாளிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அழுதபோது எனக்கு அழ வரவில்லை. செம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த இரண்டு நிமிடம் மட்டும் உங்களோடு இருப்பது போல இருந்தது.

அம்மாவுக்கு முழங்கால் நோ கூடிவிட்டது. பஸ் படி ஏறமுடியாது, ஓட்டோவின் குலுக்கம் முதுகுக்கு ஒத்துவராது. கார் இல்லையென்றால் அவர் வீட்டுப் படலை வாசலோடு நின்றுவிடுவார். மூன்று மாதம் அப்படித்தான் நின்றார். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் சாவியை எடுத்து, "வாங்கோ, சந்நிதி கோயிலுக்குப் போவம்" என்றேன். பின் இருக்கையில் ஏறியவர் தொண்டைமானாறு வரைக்கும் முன் இருக்கையின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

திரும்பி வருகையில், அச்சுவேலி கழிந்ததும், சூடு காட்டுகிற முள் மேலே போய் ஒட்டிக்கொண்டது. பொனற்றின் இடுக்கெல்லாம் ஆவி. நான் இறங்கி ரேடியேற்றர் மூடியில் கைவைக்கப் போனேன். சைக்கிளில் வந்த ஒருவர் தூரத்திலிருந்தே கத்தினார்: "தங்கச்சி, திறவாதேயும்! முகமெல்லாம் அவிஞ்சுபோம்!"

கை தப்பியது. அம்மாவின் வாய்க்கு நான் தப்பவில்லை. "கொப்பர் ஓடேக்கை இது ஒருநாளும் இப்பிடிக் கொதிக்கேல்லை" என்று உங்களைச் சொல்லிக் காட்டினார்.

கயிறு கட்டி இழுத்துக்கொண்டுபோய் மருதனார்மடத்தில் குணம் அண்ணையின் கராச்சில் விட்டோம். உங்கள் பழைய மெக்கானிக்தான். அன்றிரவு அம்மா கனடாவில் இருக்கிற என் அண்ணைக்குப் போனில் சொல்லிவிட்டார். அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

"உந்தத் தகரத்தை இருக்கிறபடியே வித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை ஒராள் பாக்க வருவார். அம்மாவுக்கு ஓட்டோ பிடிக்க நான் காசு அனுப்புறன்."

"காசு வரும் அண்ணை. அம்மா ஏறமாட்டாவே."

"அப்ப நீ உடைச்சதுக்கு ஆர் பொறுப்பு?"

நான்தான் உடைத்தேன் என்று நானே நம்பியிருந்தேன்.

சனிக்கிழமை காலை குணம் அண்ணை எஞ்சினின் மேற்பாதியைக் கழற்றி வைத்திருந்தார். எண்ணெயும் தண்ணீரும் கலந்து பால்தேத்தண்ணி நிறத்தில் ஒரு தட்டில் கிடந்தது. பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள்.

"பிள்ளை, இஞ்சை வாரும். இதென்னெண்டு தெரியுதே?"

"சுண்ணாம்பு மாதிரி இருக்கு."

"ஓம். ரேடியேற்றருக்குள்ளை பாதிக் குழாய் இதாலைதான் அடைச்சிருக்கு. எங்கத்தைத் தண்ணி விட்டனீங்கள்?"

"எங்கடை கிணத்துத் தண்ணி. நல்ல தண்ணி அண்ணை, சவரில்லை."

"உமக்கும் எனக்கும் நல்ல தண்ணி. உங்கடை வீட்டிலை தண்ணி கொதிக்கவைக்கிற கேத்திலுக்குள்ளை பாத்ததில்லையே?" கட்டியொன்றை என் உள்ளங்கையில் வைத்தார். "கொப்பரிட்டை எத்தினை தரம் சொன்னனான், தண்ணிக்குப் பதிலாக் கூலன்ற் விடுங்கோ எண்டு. 'என்ரை கிணத்தை விடத் திறமான சாமானோ உது' எண்டு கேப்பர். ஒவ்வொருநாளும் தண்ணி கேக்கிற கார் எங்கையோ ஒழுகுது எண்டெல்லே அர்த்தம்? அவர் அதைத் தாகம் எண்டு நினைச்சிட்டார். கடைசிக் காலத்திலை சந்தைக்கும் வீட்டுக்குமாத்தானே ஓடினவர், அதாலை தெரியேல்லை. நீர் தூரம் ஓடினீர், அது காட்டிக்குடுத்திட்டுது."

அப்பா, உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம் வந்தது. புத்தகத்தில் எதைக் கண்டாலும் ஏன் என்று கேட்கிறவள் நான். மாதம் ஒருமுறை கேத்திலுக்குள் தேசிக்காய் பிழிந்து வெள்ளையைச் சுரண்டுகிறவளும் நான்தான். அந்தக் கேத்தில் தண்ணீரைத்தான் காருக்கும் வார்க்கிறேன் என்று எனக்கு ஏன் படவில்லை? உங்களுக்கு ஏன் படவில்லை?

கட்டிகளைப் பேப்பரில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மாவிடம் காட்டினால் என் பழி நீங்கும். ஆனால் திருப்பிக் கதைக்க முடியாத ஒருவர் மேல் குற்றம் சொல்லலாமா? குசினி மேசையில் வைத்துவிட்டு நின்றேன்.

அம்மாவே பிரித்துப் பார்த்தார். "இதென்ன, கேத்தில் சுரண்டினனியே?"

"இல்லையம்மா. காருக்குள்ளை இருந்தது."

கட்டியொன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இத்தினை வருசமும் இந்த மனிசன் காருக்குள்ளை தேத்தண்ணிக்கெல்லே தண்ணி கொதிக்கவைச்சிருக்கிறார்!" என்றார். சிரித்தார் அப்பா. நீங்கள் போன பிறகு முதல்தடவை, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். முடிந்ததும், "விக்காதை. அந்தாள் கெடுத்ததை நீ திருத்து" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவருக்குத் தேநீர் கொடுத்து, "விக்கேல்லை, ஐயா" என்று அனுப்பினேன். அண்ணை ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

மேற்பாதியை மட்டம் பிடித்து, இடையில் வைக்கிற காஸ்கற் மாற்றி, ரேடியேற்றரும் தண்ணீர்ப் பம்பும் புதிதாகப் போட ஒன்றே முக்கால் லட்சம். ஸ்கூட்டிக்கென்று நான் கட்டிய சீட்டுக் காசு அதற்குப் போனது. முன்சில்லுப் பக்கம் கடகடவென்று அடிக்கிறதே, அதற்கு இன்னும் ஒரு நாற்பதாயிரம் வேண்டும். "அடுத்த மாசம் செய்வம், ஆனா அதைப் பின்போடப்படாது, சில்லு கழண்டா ஆளும் முடிஞ்சுது" என்றார் குணம் அண்ணை. இடது பின்கதவு இன்னும் உள்ளேயிருந்துதான் திறக்கும், அதற்கு அவசரமில்லை. ஏசியைப் பற்றிக் கேட்டேன். "கண்ணாடியைக் கீழை பதிச்சுவிட்டிட்டு ஓடும்" என்றார்.

இந்த ஒழுங்கை நான் மனப்பாடமாக்கிவிட்டேன்: எது காரை நிறுத்தும், எது ஆளைக் கொல்லும், எது வெறும் சத்தம். இனி யாரும் என்னிடம் அதைத் தகரம் என்று சொல்லி விலை பேச முடியாது.

ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். கார் வீட்டுக்கு வந்த மறுநாள் விடிய, கை தன்பாட்டில் செம்பை எடுத்துவிட்டது. அள்ளிக்கொண்டு பொனற் வரைக்கும் போய்விட்டேன். அங்கே நின்று அழுதேன் அப்பா, ஒரு வருடத்துக்குமாகச் சேர்த்து. பிறகு அந்தத் தண்ணீரை நானே குடித்தேன். நல்ல தண்ணீர்தான்.

திவசம் கழிந்து, முன்சில்லையும் திருத்திக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவைச் சந்நிதிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அச்சுவேலி தாண்டியும் அந்த முள் நடுவை விட்டு ஏறவிடமாட்டேன். அம்மா முன் இருக்கையில் இருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். வாழ்க்கைக்கு நீங்கள் காட்டிய எல்லாவற்றையும் செய்வேன், அந்த ஒரு செம்பைத் தவிர. இது சத்தியம்.

இப்போது லைசென்சும் காரும் ஒருத்தியிடமே இருக்கிற,
உங்கள் சின்ன மகள்